முகமூடிக்காரியும் என் வயிற்றெரிச்சலும்

அண்டர்கிரவுண்ட் ராப்பர் என்றால் யார் என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் நான் வாயால் பதில் சொல்ல மாட்டேன். சுவரில் சாய்த்து வைத்திருந்த பிளைவுட் பலகையைக் கைகாட்டுவேன். அதில் என் கையெழுத்தில் மூன்று விதிகள் இருந்தன. சினிமாவுக்குப் பாடக்கூடாது. விளம்பரத்துக்குப் பாடக்கூடாது. அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைப் பாடக்கூடாது. இந்த மூன்றையும் மீறாதவர் எங்கள் ஆள். மீறியவர் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் வெளியே.

அந்த விதிகள் எப்படி வந்தன என்பதை இப்போது சொல்லிவிடலாம். இனிமேல் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சென்னையில் இருக்கும் இசையமைப்பாளர்கள் நாலைந்து பேருக்கு என் பாட்டுகளை அனுப்பிப் பார்த்தேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. எட்டு மாதம் காத்திருந்துவிட்டு முதல் விதியை எழுதினேன். சேலத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை தீபாவளி விளம்பரத்துக்குக் குரல் தேடுகிறது என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்று பாடிவிட்டு வந்தேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். தீபாவளியும் போனது, பொங்கலும் போனது. இரண்டாவது விதி அப்படிப் பிறந்தது. மூன்றாவது விதிக்கு மட்டும் அப்படி ஒரு கதை கிடையாது. எனக்கு எழுதிக் கொடுக்க யாரும் வராததால் அதைக் கடைப்பிடிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

திருச்செங்கோட்டில், போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் கவுண்டரில் நிற்பது என் வேலை. அப்போதும் அதுதான், இப்போதும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு லாரி பாடி கட்டும் பட்டறை இருக்கிறது. அங்கே வெல்டராக இருக்கும் என் பள்ளிக்கூடத்துத் தோழன் முதலாளியிடம் கேட்டுச் சாவி வாங்கி வைத்திருந்தான். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குமேல் அந்தப் பட்டறை எங்களுடையது. பாதி கட்டிய லாரிகளுக்கு நடுவில் வட்டமாக நிற்போம். கல்லூரி மாணவன் ஒருவன் ஸ்பீக்கரில் பீட் போடுவான். ஒருவர் மாற்றி ஒருவர் பாடுவோம், எதிரே நிற்பவரை வரிகளால் வாருவோம். மொத்தம் ஏழு பேர். வட்டத்தைத் தொடங்கியது நான். பலகையை எழுதியது நான். தலைவர் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

நாங்கள் பாடியதெல்லாம் சென்னைத் தமிழ். இன்னா, குந்து, கலீஜ் என்று வரிக்கு வரி வரும். எங்கள் ஏழு பேரில் ஐந்து பேர் சென்னையைப் பார்த்ததே இல்லை. நான் ஒருமுறை மாமா பையன் கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்றைக்கே பஸ் ஏறியவன். ஆனால் நாங்கள் கேட்டு வளர்ந்த தமிழ் ராப் எல்லாம் அந்தப் பேச்சில்தான் இருந்தது. அதனால் ராப் என்றாலே அப்படித்தான் பேச வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டோம். வீட்டில் அம்மாவிடம் "வாரேனுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்து, பட்டறையில் துறைமுகத்தைப் பற்றியும் போலீஸ் துரத்தியதைப் பற்றியும் பாடுவோம். என்னைப் போலீஸ் நிறுத்தியது ஒரே ஒருமுறை. ஹெல்மெட் போடாததற்கு.

இன்னொன்றும் வைத்திருந்தேன். கறுப்புத் துணி முகமூடி, கண்ணும் வாயும் மட்டும் தெரிகிற மாதிரி. ஆன்லைனில் வாங்கியது. சித்திரை வெயிலிலும் அதை மாட்டிக்கொண்டுதான் பாடுவேன், வீடியோ எடுப்பேன், இணையத்தில் ஏற்றுவேன். ஒரு வீடியோவை நூற்றுப் பன்னிரண்டு முறை பார்த்திருந்தார்கள். அதில் பாதி நான் பார்த்தது. யாரும் கேட்கவில்லையே என்று வெல்டர் ஒருநாள் இழுத்தபோது, "அண்டர்கிரவுண்டுன்னா அப்படித்தான்டா இருக்கும்" என்றேன். அந்தப் பதில் என்னைப் பல வருடம் காப்பாற்றியது.

அப்புறம் அவள் வந்தாள்.

மல்லசமுத்திரத்துக்காரி. நாமக்கல்லில் கோழித்தீவனம் சோதிக்கும் ஒரு லேபில் வேலை. கல்லூரி மாணவனுக்கு அக்கா முறை. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, தீவனத் தூசிக்குப் போடுகிற வெள்ளை மாஸ்க்கைக் கழற்றாமலே வட்டத்துக்கு வெளியே நின்றாள். சும்மா பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நான் பாடி முடித்ததும் "நானு ஒருக்கா பாடலாமுங்களா?" என்று கேட்டாள். தாராளமாகப் பாடு என்று பெரிய மனுஷத்தனமாக நகர்ந்து இடம் விட்டேன். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். கிண்டலில்லை, நிஜமான கும்பிடு. பிறகு ஆரம்பித்தாள்.

அண்ணனுக்கு வணக்கமுங்க, அலையடிக்குது பாட்டுலீங்க,
கடலு எங்கீங்க இருக்குது நம்ம காட்டுலீங்க?
ரவுடிப்பய தொரத்துறான்னு ரைம்மு போடுறீங்க,
ராவுல நாயி தொரத்துனா ஊட்டுக்குள்ள ஓடுறீங்க!

பட்டறையில் எழுந்த சிரிப்பு தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. வெல்டர் சிரித்துச் சிரித்து ஒரு லாரியின் டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என் முகமூடிக்குள் வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அதைத் துடைக்கவும் முடியவில்லை, துடைத்தால் அழுகிறான் என்பார்கள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஒரு மரியாதைக் குறைவு இல்லை. எங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தியில் பரிமாறுகிறவள் பேசுகிற பேச்சில் என்னைத் தோலுரித்துவிட்டுப் போனாள். அப்படிப் பாடலாம் என்பது ஐந்து வருடமாக எனக்கு ஏன் தோன்றவில்லை? அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் என்றுதான் சொல்லிக்கொண்டேன். கோபம் இல்லை, பொறாமை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவள் தன் லேபைப் பற்றிப் பாடினாள். அதில் ஒன்று எல்லோருக்கும் மனப்பாடம் ஆனது. போசி என்றால் எங்கள் பக்கம் சாப்பாட்டுப் பாத்திரம்.

மூட்டையப் பிரிச்சாத் தூசி, மூக்கத் தொறந்தாத் தூசி,
சோத்துப் போசியத் தொறந்தாலும் சோத்துக்கு மேல தூசி,
சூப்பர்வைசரு வாராருங்க சுத்தம் பத்திப் பேசி,
அவரு வாயத் தொறந்தாத்தானுங்க அத்தனையும் தூசி!

யாராவது செல்போனை எடுத்தால் உடனே நிறுத்திவிடுவாள். "வேண்டாமுங்க. சூப்பர்வைசர் காதுக்குப் போச்சுன்னா என்ற வேலை போயிரும். கேக்கோணும்னா வாங்க, வந்து கேளுங்க" என்பாள். முகமூடியும் அதற்காகத்தான். வந்தார்கள். முதலில் அவள் லேபில் வேலை செய்கிற ரெண்டு பெண்கள். பிறகு தறி ஓட்டுகிற பையன்கள். பிறகு மேட்டூர் மின்வாரியக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு கும்பல், பைக்கில், அத்தனை தூரம் வெயிலில். நாங்கள் ஏழு பேர் நின்ற வட்டத்தைச் சுற்றி அறுபது பேர் நின்றார்கள். பாடி கட்டாத லாரிகளின் சட்டத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டார்கள். நான் பாடும்போது இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்தார்கள்.

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. என் பாட்டை யாரும் கேட்கவில்லை. அவள் பாட்டையும் வெளியே யாரும் கேட்க முடியாது. பார்த்தால் ரெண்டு பேரும் ஒரே நிலைதான். ஆனால் கேட்க முடியவில்லையே என்று தவிப்பதற்கு அவளுக்கு ஆள் இருந்தது. அதனால் அவள் அண்டர்கிரவுண்ட். என் பாட்டு எல்லார் கைக்கும் எட்டுகிற இடத்தில் கிடந்தும் யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பெயர் அண்டர்கிரவுண்ட் இல்லை, விலைபோகாத சரக்கு. கடை கவுண்டரில் நிற்கிற எனக்கு இந்த வித்தியாசம் மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் வயிறு அப்படி எரிந்தது. அவள் நல்லவளாக இருந்தது இன்னும் மோசம். வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாக முறுக்கு கொண்டுவருவாள். "அண்ணந்தானுங்க இந்த எடத்த உண்டாக்குனது" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவாள். அவள் அப்படிச் சொல்லும்போது எனக்கு இனித்தது, அடுத்த நிமிடமே கசந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் ஆள் நிற்கும்போது எனக்குப் போன் வந்தது. கோயம்புத்தூரில் மாதம் ஒருமுறை ராப் நிகழ்ச்சி நடத்துகிறவர். சினிமா, விளம்பரம் பக்கம் போகாதவர்களை மட்டும் மேடையேற்றுகிற நிகழ்ச்சி என்று எங்கள் வட்டாரத்தில் அதற்குப் பெரிய பெயர். என் வீடியோவின் கீழே இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். ஒரு நொடி, என்னைத்தான் மேடைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

"உங்க ஊர் சைடுல மாஸ்க் போட்டுட்டு ஒரு பொண்ணு பாடறாங்களாமா? மரியாதையாத் திட்டுறாங்களாம். அவங்க நம்பர் கிடைக்குமுங்களா?" என்றார்.

அவள் நம்பர் என்னிடம் இருந்தது. சொல்ல வேண்டியது பத்து இலக்கம்தான். அதற்குப் பதிலாக, "நம்பர் இருக்குதுங்க. ஆனா அவங்க விளம்பரமெல்லாம் பண்றவங்க. உங்க நிகழ்ச்சிக்கு ஆகுமான்னு பாத்துக்கோங்க" என்றேன்.

பொய்யில்லை. அவள் அண்ணன் மேச்சேரியில் ஆட்டுத்தீவனக் கடை திறந்தபோது, ஊருக்குள் சுற்றிவரும் ஆட்டோவுக்காக ரெண்டு வரி பேசிக் கொடுத்திருந்தாள். அதை அவளே எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். ரெண்டு நாள் ஆட்டோவில் ஓடியது, அவ்வளவுதான். அதை "விளம்பரமெல்லாம்" என்று ஆக்கியது நான். பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவரைக் கெடுப்பதற்குப் பொய்யே தேவையில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

போனில் அவர் "அப்படிங்களா" என்றார். பிறகு, வேறு வழியில்லாதவர் மாதிரி, "நீங்க வாரீங்களா?" என்றார். வருகிறேன் என்றேன். எதிரே நின்ற ரிக் டிரைவர், "என்னுங்க, நல்ல சேதியாட்டம் இருக்குது?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நான் கோவைக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் பட்டறையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவள்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். "அண்ணா, நம்ம ஊருப் பேச்சுல ஒண்ணாவது பாடுங்கண்ணா" என்றாள். பாடவில்லை. பாடினால் அவளைக் காப்பியடித்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு ரோஷம், கெடுத்ததற்கு அப்புறமும்.

கோவையில் ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் ஹால். மத்தியான நிகழ்ச்சி. எண்பது பேர் இருப்பார்கள். என் துறைமுகப் பாட்டு மூன்றையும் பாடினேன். கைதட்டினார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அடுத்த வகுப்புப் பிள்ளைக்குத் தட்டுகிற மாதிரி ஒரு தட்டல். முகமூடியைக் கழற்றிக்கொண்டு படியில் வந்து நின்றேன். கல்லூரியில் படிக்கிற ஒருவன் ஓடிவந்தான். என் பாட்டைப் பற்றித்தான் ஏதோ சொல்லப் போகிறான் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அண்ணா, நீங்க அந்தத் தூசிப் பாட்டு அக்கா ஊர்ங்களா? எங்க மாமா பையன் கேட்டுட்டு வந்து சொன்னானுங்க. செமயா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அங்கேயே பாட ஆரம்பித்தான். "சோத்துப் போசியத் தொறந்தாலும் சோத்துக்குள்ள தூசி..."

"உள்ள இல்ல!" என்று கத்திவிட்டேன். "சோத்துக்கு மேல தூசி! உள்ள இருந்தா எப்படித் தெரியும்? போசியத் தொறந்ததும் கண்ணுக்குத் தெரியறதுதான் அந்த வரியே! ஒழுங்காச் சொல்லுங்க!"

பையன் பயந்துபோய் ஒரு படி இறங்கினான். என் பாட்டு வரியை யாராவது தப்பாகச் சொல்லி நான் கோபப்பட்டதே இல்லை, சரியாகக்கூட யாரும் சொன்னதில்லையே. எப்படிச் சொல்ல வேண்டும் என்று காட்டுவதற்காக அந்தப் பாட்டை முழுக்கப் பாடினேன். ஒரு சொல் தவறவில்லை. எப்போது மனப்பாடம் ஆனது என்று எனக்கே தெரியாது. படியில் நின்றவர்கள் சுற்றிக் கூடினார்கள். முடித்ததும் தட்டினார்கள் பாருங்கள், அந்தத் தட்டலை மேடையில் நான் வாங்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நிகழ்ச்சிக்காரர் நின்றிருந்தார்.

"இது யாரு எழுதுனது?" என்றார்.

"அவங்கதான்."

"அந்த விளம்பரக்காரங்களா?"

நான் முகமூடியை மடித்துப் பைக்குள் திணித்தேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனேன். மனசாட்சி குத்தியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் பயம்தான். அவர் எப்படியாவது அவளைப் பிடித்துவிடுவார், அவர் வாயால் அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் என் வாயால் தெரியட்டும் என்று நினைத்தேன். அவள் ஸ்கூட்டியை நிறுத்தி முறுக்குப் பொட்டலத்தை நீட்டும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போன் வந்தது, நான் சொன்னது, கோவைக்குப் போனது, படியில் அந்தப் பையனிடம் கத்தியது, எல்லாம்.

அவள் மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். அவள் முகத்தை முழுதாக நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஏனுங்கண்ணா அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"பொறாமை புள்ள. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

"எனக்கு வருத்தமாத்தானுங்க இருக்குது. ஒரு மேடை பாக்கோணும்னு நெம்ப ஆசை எனக்கு." பிறகு கேட்டாள். "சோத்துக்குள்ளயின்னா சொன்னான் அந்தப் பையன்?"

"ஆமா."

"நீங்க திருத்துனீங்களா?"

"ஆமா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முறுக்குப் பொட்டலத்தை மட்டும் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அது சரிதான் என்று எனக்கும் பட்டது. அன்றைக்கே நிகழ்ச்சிக்காரரைக் கூப்பிட்டு, ஆட்டுத்தீவன ஆட்டோ முதற்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் பத்து இலக்கத்தையும் சொன்னேன். "அண்ணன் கடைக்குப் பேசுனதெல்லாம் ஒரு விளம்பரமாங்க?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். பலகையை அந்த வாரமே வெல்டரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு லாரி கேபினுக்குள் எங்கேயோ போய்விட்டது.

அடுத்த மாத நிகழ்ச்சிக்கு அவள் போனாள். செல்போனை எடுக்கக்கூடாது என்று வாசலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும், அப்படியானால்தான் வருவேன் என்று சொல்லியிருந்தாள். நானும் போனேன், டிக்கெட் வாங்கிக்கொண்டு, கடைசி வரிசைக்கு. ஹால் நிரம்பிப் படியிலும் ஆள் நின்றார்கள். வெள்ளை மாஸ்க்கோடு வந்து கும்பிட்டுவிட்டு, நான் அதுவரை கேட்டிராத ஒன்றை எடுத்தாள்.

போனு வந்துச்சு, அண்ணன் எடுத்தாரு, பொறுமையாப் பேசுனாரு,
புள்ள மேல ஒரு புடி மண்ண அள்ளிப் பூவாட்டம் வீசுனாரு,
எனக்குப் போட்ட எலையில உக்காந்து ஏப்பமும் உட்டாரு,
என்ற பாட்டத் தப்பாச் சொன்னா ஏனுங்க கோவப்பட்டாரு?

ஹால் அதிர்ந்தது. இன்னொருக்கா, இன்னொருக்கா என்று கத்தினார்கள். மறுபடி பாடினாள். மூன்றாவது தடவை ஹாலே சேர்ந்து பாடியது. எனக்குக் காது சுட்டது, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். வெட்கத்துக்கு நடுவிலும் பழைய வயிற்றெரிச்சல் எட்டிப் பார்த்தது. என்ன கடைசி வரி அது! நான் செய்த காரியம், என் கோபம், என் அசிங்கம், எல்லாம் என்னிடம்தானே இருந்தது. ஒரு மாதமாக வைத்திருந்தும் அதிலிருந்து ஒரு வரி எனக்கு வரவில்லை.

பக்கத்தில் இருந்த பையன் தொண்டை கட்டக் கத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். "யாருங்கண்ணா அந்த ஆளு? நெசமாவே ஒருத்தன் இருக்கானாமா?"

எனக்கு என்ன தோன்றியதோ, வாய் தானாகத் திறந்தது. "நாந்தானுங்க" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அட போங்கண்ணா. பாட்டு முடியறதுக்குள்ள இதோட நாலு பேரு நாந்தான்னு சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.